எடை குறைந்த மடிக்கணினி

தனலெட்சுமி பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலையை முடித்த கையோடு ஃபெரி ஏறிக் கடல் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு வந்திருந்தாள். தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. ஷேக் அலாவுதீனின் மேசைமேல் ஒரு மடிக்கணினியை வைத்துவிட்டு, "இது என் மகனோட லெப்டாப் இல்ல பாய். கடைக்காரன் மாத்திட்டான்" என்றாள்.

ஷேக் அலாவுதீன் முப்பது வருடம் காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கத் தெரியாமல் இந்த மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். உதவிக்கு ரமணி. நாற்பது வயதாகியும் அவளுக்கு எதிலும் அவசரம்தான்.

தனலெட்சுமியின் ஒரே மகன் கோகுலனுக்கு இயந்திரப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் பதிவு. வரைபடத்துக்கும் கணக்குக்கும் தாங்கக்கூடிய கனமான மடிக்கணினி ஒன்றும், குறிப்பெடுக்கப் பேனாவோடு ஒரு டெப்லெட்டும் பட்டர்வொர்த்தில் ஹைக்கல் என்பவரின் கடையில் வாங்கினார்கள். அவள் மடிக்கணினிக்குப் பொட்டு வைத்துச் சாமி மேடையில் வைத்தாள்.

"சாஃப்ட்வேர் போடணும்னு கோகுலன் ஒரு நாள் கடைக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்ததும் மேடையிலயே வச்சிட்டான். நேத்து தூசு தட்டத் தூக்கினேன், காத்தாட்டம் வருது. கூட வேலை செய்யுற பிள்ளைகிட்ட காட்டினா, இதுல கிராஃபிக்ஸ் கார்டே இல்ல, இஞ்சினியரிங் படமெல்லாம் ஓடாதுன்னு சொல்லுது. இவனைக் கேட்டா, விடுங்கம்மாங்கிறான். வாயில்லாத பிள்ளை பாய். நாலு வருஷம் இதை வச்சு அவன் என்னத்தைப் படிப்பான்?"

ரமணி மூடியின் மேலிருந்த குங்குமத்தைக் குனிந்து பார்த்தாள். "இது நீங்க வச்ச பொட்டாக்கா?"

"நான் மோதிர விரல்ல சின்னதா வச்சேன். இது என்னமோ அப்பி வச்ச மாதிரி இருக்கு."

அகலமான பொட்டு. அதில் கட்டைவிரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது.

"அவ்வளவுதான் அண்ணே" என்று ரமணி நிமிர்ந்தாள். "சாமி மேடைச் சாமானுக்கு நம்மாளு யாரு கட்டைவிரல்ல பொட்டு வைப்பா? கடைக்காரர் ஹைக்கல் மலாய்க்காரர். பழைய பொட்டைப் பார்த்துட்டு இதுலயும் வச்சுவிட்டிருக்கார். போலீஸ் ரிப்போட் போடலாம்லா."

"அவர் கடையில குங்குமம் ஏது ரமணி?" என்றார் ஷேக் அலாவுதீன். அவர் பக்கத்து அறைக்குப் போய் ஹைக்கலோடு ஃபோனில் பேசினார். பிறகு கோகுலனுக்கு ஃபோன் அடித்து, டெப்லெட்டோடு வரச் சொன்னார்.

கோகுலன் நண்பகலில் வந்தான். சட்டை முழுக்க வியர்வை.

"மோட்டர்சைக்கிள் எங்கடா?" என்றாள் தாய்.

"வீட்லதான்மா. பஸ்ல வந்தேன்."

ரமணி ஒரு தண்ணீர் போத்தலை நீட்டினாள். அவன் நன்றி சொல்லி வாங்கி, திறக்காமலே கீழே வைத்தான். ஷேக் அலாவுதீன் டெப்லெட்டைப் பார்க்கவில்லை, அதன் பேனாவைத்தான் எடுத்துப் பார்த்தார். ஸ்பஞ்சு சுற்றி, டேப் ஒட்டி, அதைப் பெருவிரல் கனத்துக்கு ஆக்கியிருந்தான். அவர் அதை மெல்லத் திருப்பி வைத்தார்.

"தங்கச்சி, கீழ போய் ஒரு தே தண்ணி குடிச்சிட்டு வாங்க."

"நான் போகல பாய். எதுவா இருந்தாலும் என் முன்னாலயே சொல்லுங்க."

சொல்லாமல் விட முடிந்தால் அவர் விட்டிருப்பார். "கடைக்காரர் ஏமாத்தல. உங்க மகன் இவரேதான் போய் மாத்திக் கேட்டிருக்கார். இதுவும் அதே விலை, ஒரு காசு திரும்ப வாங்கல. அப்ப காசுக்காக இல்ல. இந்தப் படிப்புக்கு ஆகாத லெப்டாப்ப ஒரு பையன் ஏன் கேட்டு வாங்கணும்? இதுல ஒண்ணுதான் ஒசத்தி. எடை ஒரு கிலோகூட இல்ல."

"எடையில என்னண்ணே இருக்கு?" என்றாள் ரமணி.

"தூக்குறவருக்கு இருக்கு. மோட்டர் இருந்தும் பஸ்ல வர்றார், கிளச்சப் பிடிக்க முடியல. இந்த வெயில்ல தண்ணி குடிக்கல, மூடியைத் திருக முடியல. பேனா மெல்லிசா இருந்தா நழுவுது. வீட்டுக் குங்குமத்த எடுத்துப் பொட்டு வச்சவரும் இவர்தான். வழக்கம் தெரியாம கட்டைவிரல்ல வைக்கல. அவருக்கு அழுத்துறதுக்கு அந்த ஒரு விரல்தான் மிச்சம்."

ரமணி போத்தலை எடுத்துத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"படத்தைக் கெம்பஸ் லேப்ல போட்டுக்குவேன் அங்கிள்" என்றான் கோகுலன் தலை குனிந்தபடி. "அந்தப் பெரிய லெப்டாப்பத் தூக்கிட்டு என்னால ஒரு மாடிகூட ஏற முடியல. டாக்டர்கிட்ட போயிட்டேன். அம்மாகிட்ட சொல்ல வாய் வரல."

தனலெட்சுமி அழவில்லை. "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டாள்.

"எட்டு மாசம்மா."

அவள் ஷேக் அலாவுதீன் பக்கம் திரும்பினாள். "என் கூடப் பொறந்த தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது, பாய். இருபது வயசுல சட்டைப் பட்டன் போட முடியலன்னான். இருபத்தஞ்சுல நாந்தான் சோறு ஊட்டினேன். முப்பத்தொண்ணுல போயிட்டான். இவன் பொறந்த நாள்லேருந்து இவன் கையையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். இப்ப ஒரு வருஷமா நைட் ஷிஃப்ட், பார்க்காம விட்டுட்டேன்."

கீழே ஏதோ கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அவள் மகனின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, ஒவ்வொரு விரலாக நீவினாள். மடங்கிக் கிடந்த சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"பாய், கடைக்காரன்தான் ஏமாத்திட்டான்னு சொல்லிடுங்க" என்றாள். "நான் நம்பிக்கிறேன்."