வாலஸ் டூலியைக் கழற்றியது யார்?

காலை ஆறே முக்கால் மணி. ஏரியிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் மேப்பிள் தெருவை விழுங்கிவிட்டு, உண்ட களைப்பில் அப்படியே படுத்துக் கிடந்தது. எதிர்வீடு இல்லை, தபால்பெட்டி இல்லை. தெருவே யாரோ பாதியில் மறந்துபோன கனவு மாதிரி இருந்தது. நடீன் ஹோல்காம் காபி போடுவதற்காகச் சமையலறைக்கு வந்து விளக்கைப் போட்டாள்.

மேஜைமேல் கண்ணாடி போன்ற இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் தனித்தனியாகக் கிடந்தன. பக்கத்தில் ஒரு சாஸர். சாஸரில் நாலு குட்டித் திருகாணிகள். தகடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய வாலஸ் டூலியைக் காணோம்.

டூலி செத்துப் பல வருஷம் ஆகிறது. காணாமல் போனது அவருடைய படம். 1934-இல் ஒரு சென்ட் பபிள்கம் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த, பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை. பந்து வீசக் கையை ஓங்கியபடி டூலி நிற்பார். பின்னால் வானம் முழுக்க மஞ்சள். நடீனின் அம்மா வீட்டை விற்ற பணம் மொத்தமும் அந்த மஞ்சள் வானத்துக்குள்தான் இருந்தது. நாலு வருஷம் முன்பு அவள் கணவர் ஆரின் வாங்கிப் போட்டார். "பேங்க்ல போட்டா பணம் தூங்கும் நடீன். டூலிகிட்ட குடுத்தா ஓடும்" என்றார். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஒஹையோ பக்கத்தில் எல்லாருக்கும் இதே பைத்தியம்தான். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு கார்டு விலை பேசுவார்.

இன்று மாலை நாலு மணிக்குக் கிளீவ்லாந்திலிருந்து ஃபின்லே என்பவர் டூலியை வாங்க வருவதாக ஏற்பாடு. நடீன் ஏரிக்கரை மோட்டலில் பெட்ஷீட் துவைத்து மடிக்கிற வேலையை விட்டுவிடுவதாக மேனேஜரிடம் சொல்லியும் ஆயிற்று. நாள் முழுக்க நின்று நின்று அவளுடைய இடது முட்டி வீங்கிப் போயிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அந்த முட்டிக்கு விடுதலை என்று இருந்தாள்.

அவள் முதலில் கணவரைக் கூப்பிட்டாள். படுக்கை காலியாக இருந்தது. பிறகு போலீஸைக் கூப்பிட்டாள்.

துப்பறிகிற சார்ஜென்ட் கோரா மாட்டிக் வந்து சேர்ந்தபோது மணி ஏழே கால். கோரா எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவள் போலத்தான் பேசுவாள். அதை நம்பி அசட்டையாக இருந்த சிலர் கவுண்டி சிறையில் இருக்கிறார்கள்.

"பூட்டை ஒடைச்சிருக்காங்களா?"

"நாங்க பின்கதவப் பூட்டறதே இல்லயே கோரா. உனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையில எத்தன தடவ உள்ள வந்து குக்கி எடுத்துட்டு ஓடியிருக்க."

"அந்தக் கேஸ விடுங்க. யார் மேல சந்தேகம்?"

"டெல் ராஸ்க் மேலதான். வேற யாரு?" நடீன் சன்னலைக் காட்டினாள். "புல்லப் பாரு. பூட்ஸ் தடம் பின்கதவு வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு. நாலு வருஷமா அந்தக் கார்ட அவன் பாக்கற பார்வை இருக்கே, என்னைக்கூட எவனும் அப்படிப் பாத்ததில்ல."

டெல்பர்ட் ராஸ்க் முதன்மைத் தெருவில் கார்டுக் கடை வைத்திருப்பவர். ஆரினின் பள்ளித் தோழர்.

கோரா கொல்லைப்புறம் போனாள். தடங்கள் இருந்தன. துணிக்கொடியில் நேற்று மாலை உலர்த்தி எடுக்க மறந்த சட்டைகள் ஈரத்தில் தொங்கின. கடைசிச் சட்டை மட்டும் ஒரே கிளிப்பில் சாய்ந்து, கை புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"காத்துல அவுந்திருக்கும்" என்றாள் நடீன்.

கோரா அசையாத மூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். 

அப்போதுதான் ஆரின் ஹோல்காம் மூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வந்தார். அறுபத்து மூன்று வயது. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தலை ஈரம். கால்சட்டையின் வலது நுனி காலுறைக்குள் மாட்டியிருந்தது. ஆளைப் பார்த்தால் எழுந்தவர் முழுதாக எழுந்துகொள்ளவில்லை என்று தோன்றும்.

நடீன் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள் கோரா.

"நடக்க."

"இந்த மூட்டத்துலயா?"

"மூட்டத்துல நடந்தா ஒருத்தனும் குட் மார்னிங் சொல்ல மாட்டான். நிம்மதி."

"கடைசியா கார்ட எப்பப் பாத்தீங்க?"

"ராத்திரி. படுக்கறதுக்கு முன்னாடி."

உள்ளே வந்து அவர் காபியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார். கலக்கிக்கொண்டே இருந்தார். சன்னல் ஓரத்தில் பூதக்கண்ணாடி ஒன்றும், அதன் பக்கத்தில் மூலைகள் மழுங்கிய பழைய கார்டு ஒன்றும் இருந்தன. கோரா அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது யாரு?"

"ஏதோ ஒரு அவுட்ஃபீல்டர். அவன் பேரு அவன் பொண்டாட்டிக்கே ஞாபகம் இருக்காது. டெல் கடை டப்பாவுல கெடந்தான்."

"டூலி வந்த அதே வருஷமா?"

"அதே வருஷம், அதே கம்பெனி."

"எப்ப வாங்குனீங்க?"

"போன மாசம். டூலிக்குத் துணைக்கு."

நடீன் மூக்கைச் சிந்தினாள். "அது ஒண்ணுதான் கொறைச்சல்."

எட்டு மணிக்கு டெல்லை அழைத்து வந்தார்கள். பெரிய உடம்பு, சின்னக் குரல். கதவருகிலேயே நின்றார்.

"நான் எடுக்கல கோரா."

"எடுத்தீங்கன்னு யாரு சொன்னா?"

"நடீன் சொன்னா. மூட்டத்தத் தாண்டி என் கடைக்கே கேட்டுச்சு."

"காலையில இங்க வந்தீங்களா?"

"வந்தேன். ஆறு மணி வாக்குல. இன்னிக்கி விக்கப் போறானே, கடைசியா ஒரு தடவ டூலியப் பாத்துக்கலாம்னு. கதவத் தட்டுனேன். பதில் இல்ல. எட்டிப் பாத்தா தகடு தொறந்து கெடக்கு. பயந்துட்டேன். திரும்பிப் போயிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இப்படித்தான் நிக்க வெப்பீங்கன்னு தெரியும்."

"வழியில யாரையாவது பாத்தீங்களா?"

"என் கையே எனக்குத் தெரியல. ஆனா சத்தம் ஒண்ணு கேட்டுது. படகுத்துறைப் பக்கம். டர்ர்ருன்னு வரும், நிக்கும், மறுபடி டர்ர்ரு. மோட்டார் படகு ஸ்டார்ட் ஆகாம இருமற மாதிரி."

"இந்த மூட்டத்துல யாரு படகு எடுப்பா?"

"அதான் நானும் நெனச்சேன். அப்பறம் மறந்துட்டேன்."

கோரா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நடீனுக்குச் சந்தேகம் வந்தது. கண்ணைத் திறக்காமலே கோரா கேட்டாள்: "அந்த ஃபின்லே வந்தா மொதல்ல என்ன பண்ணுவாரு, டெல்?"

"ஸ்டீல் ஸ்கேல எடுத்து அளப்பாரு. அதுக்கப்பறம்தான் கையே குலுக்குவாரு. சில பயலுங்க மழுங்கின மூலையக் கூராக்கறதுக்கு ஓரத்த நைஸா சீவிடுவானுங்க. பாத்தா புதுசு மாதிரி இருக்கும். ஆனா சீவுன கார்டு செத்த கார்டு. அதுக்கு அப்பறம் வெல கெடையாது."

"சரி." கோரா எழுந்தாள். "மிஸ்டர் ராஸ்க், ஸ்டேஷனுக்கு வாங்க. தடம் உங்களுது. ஆசையும் உங்களுது. வந்ததையும் நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

டெல்லின் முகம் வெளுத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஒரு கடைக்காரனை இந்தச் சின்ன ஊரில் ஒருமுறை போலீஸ் காரில் ஏற்றினால் போதும், அப்புறம் அவன் கடைப்பக்கம் யார் போவார்கள்? அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சமையலறையில் கரண்டி கலக்குகிற சத்தம் நின்றது.

"டெல் எடுக்கல" என்றார் ஆரின்.

"எப்படித் தெரியும்?"

ஆரின் கோப்பைக்குள் பார்த்தார்.

"நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்" என்றாள் கோரா. அவள் குரலில் இருந்த தூக்கம் எங்கோ போய்விட்டது. "எல்லாரும் காணாமப் போன கார்டயே நெனச்சிட்டிருக்கோம். திருடன் விட்டுட்டுப் போனத யாரும் பாக்கல. இந்தத் தகடு. கார்டு பத்தி ஒண்ணும் தெரியாத திருடனா இருந்தா தகட்டோட தூக்கிட்டு ஓடியிருப்பான். உக்காந்து நாலு ஸ்க்ரூவையும் கழட்டி சாஸர்ல போட்டு வெச்சிட்டா போவான்? சரி, கார்டு தெரிஞ்சவன்னு வெச்சிக்குவோம். டெல், நீங்க எடுத்திருந்தா இத இந்த ஈரத்துல வெறும் அட்டையா வெளிய கொண்டு போவீங்களா?"

டெல்லுக்குக் கோபமே வந்துவிட்டது. "அம்மணமாவா? பச்சப் புள்ளைய மழையில விடற மாதிரி. என் கை வெந்துடும்."

"அப்ப எடுத்தவர் மூணாவது ரகம். ஸ்க்ரூவக்கூடத் தொலைக்காம கழட்டற பழக்கம் இருக்கு. ஆனா இந்தக் கார்டு நனைஞ்சா என்ன, கிழிஞ்சா என்னன்னு ஆயிடுச்சு. அதுக்கு இனிமே வெல இல்லன்னு தெரிஞ்ச ஒரே ஆளு." அவள் அவுட்ஃபீல்டரை ஆரினின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இவன் டூலிக்குத் துணைக்கு வரல. அளக்கறதுக்கு வந்தான். போன மாசம் இவன் மேல டூலிய வெச்சுப் பாத்தீங்க. டூலி ஒரு மயிரிழை குட்டையா இருந்தாரு. உங்ககிட்ட வித்தவன் ஓரத்த சீவியிருக்கான். இல்லயா?"

 நடீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீட்டுல கார்டு போயிடுச்சுன்னு பொண்டாட்டி அழறா. நான் வந்து ஒரு மணி நேரமாச்சு. கெடைக்குமான்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கல. காத்தே இல்லாத காலையில கொடியில இருந்து ஒரு கிளிப் காணோம். நடக்கப் போனவர் கால்சட்டைய எதுக்குக் காலுறைக்குள்ள விடணும்? செயின்ல மாட்டாம இருக்கத்தான். ஷெட்டத் தொறங்க மிஸ்டர் ஹோல்காம். சைக்கிளப் பாக்கணும்."

ஷெட்டுக்குள் மூட்டம் அவர்களுக்கு முன்பே நுழைந்திருந்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே, நடீனின் மரக்கிளிப்பில் மாட்டியபடி, வாலஸ் டூலி கையை ஓங்கிக்கொண்டிருந்தார். பாதி முகம் நைந்து போயிருந்தது. மஞ்சள் வானம் கூழாகியிருந்தது.

கோரா சக்கரத்தைத் தன் விரலால் மெல்லச் சுற்றினாள். டர்ர்ர்.

"அந்தப் படகு" என்றார் டெல்.

ஆரின் அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். "ஏரியில போடத்தான் எடுத்துட்டுப் போனேன். வெலைக்கு வாங்குன நாள்ல இருந்து ஒருநாளும் வெறும் கையால தொட்டதில்ல. சைக்கிளப் பாத்ததும் என்னமோ ஆச்சு. எட்டு வயசுல இதே டூலிய சக்கரத்துல மாட்டி ஓட்டியிருக்கேன். அது தூள் தூளாப் போற வரைக்கும். அன்னிக்கி அப்படி ஒரு சந்தோஷம். இன்னிக்கும் துறைமேல போறப்ப ஒண்ணும் தெரியல, வெள்ளையா இருந்துது, இந்தச் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் எதுவுமே நடக்காத மாதிரி இருந்துது நடீன்."

"ஒரு மாசமா தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஃபின்லே அளந்து பாத்து உன் முன்னாடி சொல்லிடுவானேன்னுதான். திருடு போயிடுச்சுன்னா நீ திருடனத் திட்டுவ. என்னைத் திட்ட மாட்டன்னு நெனச்சேன்."

"நாம கார்டு வாங்கப் போன கொலம்பஸ் ஓட்டல் சந்தையில ரெண்டு டூலி இருந்துது" என்றாள் நடீன்.  "ஒண்ணு மூலை மழுங்கி, எவனோ ஒரு பையன் பாக்கெட்ல வெச்சிருந்தது. அதத்தானே நான் எடுக்கச் சொன்னேன்? டெல்லும் அதத்தானே சொன்னான்?"

"சொன்னீங்க. எனக்குக் கூர் மூலை வேணும்னு இருந்துது. நாலு மூலையும் கத்தி மாதிரி இருந்தா வெல ஏறும்னு கார்டு வெலப் பொஸ்தகத்துல போட்டிருந்தான்."

"பணம் போனா போவட்டும். என்னைக் காலையில இருந்து அழ விட்டுட்டு சர்க்கரை கலக்கிட்டிருந்தியே, அது எப்படி ஆரின் முடிஞ்சுது? டெல்லக் கார்ல ஏத்தப் போறாங்கன்னதும்தான் வாயத் தொறந்த. எனக்காகத் தொறக்கல."

ஆரின் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். டெல் அவர் பக்கம் நகர்ந்து நின்றார். திட்டவும் இல்லை, தோளைத் தொடவும் இல்லை.

"மன்னிச்சிக்கோ டெல்."

"ஃபின்லேக்கு நான் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் டெல். "நீ பேசுனா உளறுவ." தொப்பியைப் போட்டுக்கொண்டு மூட்டத்துக்குள் போய்விட்டார்.

கோரா கிளிப்பைக் கழற்றி, மிச்சமிருந்த டூலியை நடீனிடம் கொடுத்தாள். "பணம் உங்களுது நடீன். பொய்ப் புகார்னு எழுதணுமா, திருட்டுன்னு எழுதணுமா? நீங்க சொல்றதுதான்."

"ஒண்ணும் எழுதாத. கார்டு என்னுது. திருடனும் என்னுது. ரெண்டையும் நான் பாத்துக்கறேன்."

அவள் நொண்டிக்கொண்டே ஷெட் வாசலுக்குப் போய், அங்கே திரும்பினாள்.

"மோட்டல்ல வேலைய விடறேன்னு சொல்லிட்டேன். அந்த எடத்துக்கு இன்னும் ஆள் போடல. திங்கக்கிழமை காலையில நீ போற."

"நானா?" என்றார் ஆரின். "எனக்குப் பெட்ஷீட் மடிக்கத் தெரியாதே."

"நாலு மூலையும் சரியா சேத்துப் புடிச்சா போதும். மூலை பாக்கறதுலதான் நீ பெரிய ஆளாச்சே."

ஆரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அவள் சாய்ந்துகொள்ளட்டும் என்று கையை நீட்டினார். நடீன் அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்துக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்தபடி தானே நடந்து வீட்டுக்குள் போனாள்.