சாம்பலரின் இரண்டாம் பதிப்பு

அவர் வரைந்தது மூன்று நாற்காலிகள். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முந்தைய நாள் மாலை, அளவுகோல் வைத்து, கறுப்பு மையால், சாப்பாட்டு மேசையின் மூன்று பக்கங்களில் மூன்று சிறு சதுரங்கள் போட்டுவிட்டுத்தான் பேனாவை மூடினார். ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் தாளைப் பிடித்துப் பார்த்தபோது நான்காவது பக்கத்திலும் ஒரு சதுரம் இருந்தது. அதே மை. அதே கை. சதுரத்தை முடிக்கிற மூலையில் பேனாவைச் சற்று அழுத்தி நிறுத்துவது அவர் பழக்கம். அந்த அழுத்தம்கூட இருந்தது.

வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிற மனிதர் அல்ல அவர். பிளேடால் அதைச் சுரண்டி எடுத்தார். தாள் மெலிந்து வெளுத்தது. விரல் நுனியில் ஒட்டியது மைத்தூள் போல இல்லை. பொடிப்பொடியாக, மிருதுவாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். எரிந்து முடிந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் எழும் வாசனை.

அது அவருடைய சொந்த வீட்டின் வரைபடம். அவர் எழுதிக்கொண்டிருந்த விளையாட்டு விதிப் புத்தகத்தில் உதாரணத்துக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. புதிதாக ஒன்றைக் கற்பனை செய்ய நேரமில்லாமல் தன் வீட்டின் கூடத்தையும் நடையையும் சாமான் அறையையும் அப்படியே அளந்து போட்டுவிட்டார்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன் அவர் உருவாக்கிய விளையாட்டு அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, வாயாலேயே கதை நடத்துவது. விண்வெளி, தூரத்து உலகங்கள், அவற்றில் வாழும் இனங்கள். பெட்டியின் மூடியில் பொன் எழுத்தில் அவர்கள் குடும்பப் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு எங்கே போனாலும் ஒரு மரியாதை. அந்தப் பெட்டிக்குள்ளே, நூற்றுப் பதினான்காம் பக்கத்தில், சாம்பலர் என்ற இனத்துக்கு அவர் ஒதுக்கியது அரைப் பக்கம். பிறவித் திருடர்கள். வீடு புகுபவர்கள். கண்டதும் சுடலாம்.

இருபத்து நான்கு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவன் அவருடைய மூத்த பிள்ளை. விளையாட்டுக்காரர்கள் இருநூறு பேர் கூடியிருந்த அரங்கில், ஒலிபெருக்கி முன்னால் நின்று கேட்டான்: "ஒரு இனம் முழுக்கத் திருடனுங்களாவே பொறக்குமா? எங்கப்பா இதை எழுதினப்போ யார் மேல கோவத்துல இருந்தாரோ தெரியல. இதைப் படிச்சுதான் வளந்தேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு."

இருநூறு பேரும் கை தட்டினார்கள். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலையே அவனுடைய பை வாசல் கேட்டுக்கு வெளியே வைக்கப்பட்டது. நான்காவது நாற்காலி சாமான் அறைக்குப் போயிற்று. மூன்று வருடம். பதிப்பகத்திலிருந்து இப்போது கடிதம் வந்திருந்தது: வாசகர்கள் எல்லோரும் அதையே கேட்கிறார்கள், சாம்பலரைப் புதிதாக எழுதித் தர வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார், தன் சொந்த முடிவாக. மகன் சொன்னதற்காக அல்ல.

எழுதியதும் சாதாரணமாக எழுதவில்லை. நாற்பது பக்கம். சாம்பலர் திருடர்கள் அல்லர், மானமுள்ள இனம். அவர்களுக்குக் குடும்பம்தான் தெய்வம். சாவினால் ஓர் இடம் காலியானால் அழுது ஆற்றிக்கொள்வார்கள். ஆனால் ஒரு வீடு தானே ஓர் இடத்தைக் காலியாக்கிவிட்டு, காலியே இல்லை என்று மறைத்தால், அந்த அவமானத்தை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது யார் வீடாக இருந்தாலும் ஒருவர் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். முகம், நடை, குரல் எல்லாம் அந்த வீட்டின் நினைவிலிருந்தே எடுத்துக்கொள்வார். வீடு புகுவதற்கு இதுதான் காரணம். படித்துப் பார்த்தபோது, தன் வாழ்நாளில் இதைவிட நன்றாக எதையும் எழுதியதில்லை என்று அவருக்கே தெரிந்தது.

"என்னங்க." மனைவி கையைத் துடைத்தபடி வாசற்படியில் நின்றாள். "பெரியவன் போன் பண்ணான். இன்னைக்கு அஞ்சு மணிக்கு வரானாம்."

"யாரு?"

"யாருன்னா? நம்ம பெரியவன்."

"இந்த வீட்ல மூணு பேர்தான்."

"வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். மன்னிப்பு வேணும்னாலும் கேக்கறேங்கறான்."

"இருநூறு பேர் முன்னாடிதானே பேசினான்? கேக்கறதையும் இருநூறு பேர் முன்னாடி கேக்கச் சொல்லு."

"நல்லா இருக்கு நியாயம். உங்க மண்டபத்துக்கு ஆள் சேத்துட்டு வந்து கூப்பிடறேன்." அவள் கண்கள் நனைந்திருந்தன. "அவன் இன்னைக்குத் திரும்பிப் போனா, அப்புறம் வரவே மாட்டான். எனக்குத் தெரியும்."

அவர் வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மூடியிருந்த சாமான் அறைக்குள் நாற்காலிக் கால் தரையில் உரசுவதுபோல ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. எலி என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. புது விதிகளைச் சோதித்துப் பார்க்க மகளும், அடுத்த வீட்டுக் கம்பவுண்டரும் மேசைக்கு வந்தார்கள். கம்பவுண்டர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. மகளுக்குச் சாம்பலர் பாத்திரம். கம்பவுண்டருக்கு வீட்டுத் தலைவர்.

"நான் வீட்டுத் தலைவரா? எங்க வீட்ல பூனைகூட என் பேச்சைக் கேக்காது சார்."

"அதான் பேப்பர்லயாவது இருங்க மாமா," என்றாள் மகள். பிறகு வரைபடத்தைப் பார்த்தாள். "அப்பா, உதாரணக் குடும்பத்துல மூணு பேர்னு போட்டிருக்கீங்க. நாற்காலி நாலு இருக்கே?"

அவர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். சுரண்டிய இடம் மெலிந்து வெளுத்துத்தான் இருந்தது. அதன் மேலேயே சதுரம் இருந்தது. மூலையில் அழுத்தம்.

"தப்பா விழுந்திருக்கு. ஆட்டத்தைப் பாரு."

அவள் பார்த்தாள். அவளுடைய கேள்விகள் எப்போதும் கூர்மை. "சரி, நான் வந்து உக்காந்துட்டேன். நான் அந்த வீட்டுப் பையன் இல்லைன்னு எனக்குத் தெரியுமா?"

அதை அவர் எழுதியிருக்கவில்லை. ஆட்டம் நடத்துபவர் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அது விதி. "தெரியாது," என்றார். "உக்காந்த நிமிஷத்துலருந்து உனக்கும் தெரியாது."

"மத்தவங்களுக்கு?"

"கொஞ்சம் கொஞ்சமா மறந்துடும். தலைவருக்கு மட்டும் தெரியும். காலி பண்ணது அவர்தானே. அவரும் மறுத்துட்டா, வெளிய இருக்கறவன் அப்புறம் இல்லவே இல்ல."

"அப்போ நான் சொல்லிடுவேன் சார்," என்றார் கம்பவுண்டர். "உக்காந்திருக்கிற இவன் எம்புள்ள இல்லைன்னு."

"எப்படிச் சொல்லுவீங்க? நான்தான் எம்புள்ளைய வெளிய தள்ளினேன்னு முதல்ல ஒத்துக்கணும். எந்தத் தலைவன் ஒத்துப்பான்?"

கம்பவுண்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பிடிச்சீங்க பாருங்க!" மகள் சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்தாள். பிறகு குனிந்து பகடையை உருட்டினாள்.

பகடை மேசையில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதைக் கேட்டார். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். முதலில் வலது கால். ஒரு நீண்ட இடைவெளி, யாரோ எதையோ யோசித்துக்கொண்டு நிற்பதுபோல. பிறகு இடது. இந்த உலகத்தில் ஒருவன்தான் அப்படிக் கழற்றுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர் நிமிர்ந்தார். மற்ற இருவரும் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் மழை வழிந்தது, நடையின் விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிந்தது, ஈரச் சாம்பலின் வாசனை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து மேசைக்கு அடியில் அவர் முழங்கால்களைச் சுற்றி நின்றது. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது. அவன் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

நடையில் ஒரு இருமல்.

"சளி பிடிச்சிருக்கா உனக்கு?" என்று மகளைக் கேட்டார்.

"நான் இருமலையேப்பா."

எழுந்தார். காபி வேண்டும் என்று ஏதோ சொன்னார். நடையில் யாரும் இல்லை. செருப்பும் இல்லை. சுவரோரமாகப் போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்தார். பழைய பெட்டிகள். முதல் பதிப்பின் மிச்சப் பிரதிகள். மூன்று வருடத் தூசி. தூசியின் நடுவே நான்கு சுத்தமான வட்டங்கள், நாற்காலிக் கால்கள் இருந்த இடம். நாற்காலி இல்லை.

அப்போதுதான் அவர் மனதில் முதல் தடவையாக அந்த எண்ணம் வந்தது: அவன் சீக்கிரம் வரட்டும். ஐந்து மணிக்கு வரட்டும். கேட்டில் நிற்கட்டும். 'வா' என்று சொல்லிவிடலாம். வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நடந்தது தப்பு என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வார்த்தை. அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

கூடத்திலிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வருடமாகக் கேட்காத சிரிப்பு.

அவர் நடந்தார். நடை நீண்டுகொண்டே போவதுபோல இருந்தது.

மேசையின் நான்காவது பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முதுகு தெரிந்தது. வெளியே கொட்டுகிற மழை. சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"பாருங்க, முன்னாடியே வந்துட்டான்," என்றாள் மனைவி. அவன் முன்னால் தட்டு இருந்தது. அவள் கை அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. "நீங்க ஒண்ணும் பேசாம உக்காருங்க."

அவன் திரும்பினான். "அப்பா."

குரல் சரியாக இருந்தது. கண்கள் சரி. சிரிப்பு சரி. நீல நிறச் சட்டை, அரங்கில் போட்டிருந்தானே, அதே சட்டை. அன்று காலை அவசரமாகச் சவரம் செய்தபோது முகவாயில் பட்ட பிளேடு வெட்டு. அது இன்னும் ஆறவில்லை. சிவப்பாக இருந்தது. இப்போதுதான் பட்டது போல.

அவர் கடைசியாகப் பார்த்த மகன். ஒரு நாள்கூட வயதாகாமல்.

"எப்ப வந்தே?"

"எங்கருந்துப்பா?" என்று அது கேட்டது. முகத்தில் கள்ளமே இல்லை. "நான் எங்கயும் போகலையே."

"என்னப்பா கேள்வி இது?" என்றாள் மகள். அவள் குரல் கொஞ்சம் தூக்கத்திலிருந்து வருவதுபோல இருந்தது. "அண்ணன் இங்கதானே இருக்கான்."

கம்பவுண்டர் தலையாட்டினார். "காலைல கூட என்னோட பேசிட்டிருந்தான் சார்."

மனைவி தலையைக் கோதினாள். கோதிய கையைப் புடவையில் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் ஐந்து விரல் கோடு. அவள் அதைப் பார்க்கவில்லை.

ஐந்து மணி.

கேட் கிறீச்சிட்டது.

அவர் வாசலுக்கு ஓடினார் என்று சொல்ல முடியாது. ஓடிப் பழக்கமில்லாதவர். ஆனால் வேகமாகப் போனார். கேட்டுக்கு வெளியே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். தாடி. காதோரம் இரண்டு நரை. தோளில் பை. சட்டை உடம்போடு ஒட்டி, பற்கள் கிட்டியபடி நின்றான். மூன்று வருடம் அவன் முகத்தில் முழுதாக இருந்தது.

"அப்பா," என்றான். "உள்ள வரலாமா?"

பின்னால் மகளும் மனைவியும் ஜன்னலுக்கு வந்தார்கள். கம்பவுண்டர் வாசற்படியில் வந்து நின்றார். தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தது எழவில்லை. சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாருங்க அது?" என்றாள் மனைவி.

"யாரோ தெரியாத ஆளு," என்றாள் மகள். "பாவம், நனைஞ்சிட்டாரு."

கேட்டில் நின்றவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவரை. வேறு யாரையும் பார்க்க அவனுக்கு மிச்சமில்லை.

சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். இவன்தான் என் மகன். நான்தான் வெளியே தள்ளினேன். அவன் சொன்னது சரி. இவ்வளவுதான். தொண்டை வரை வந்தது.

"தெரிஞ்சவரா சார்?" என்று கேட்டார் கம்பவுண்டர், பக்கத்தில் நின்று.

வெளியாள். காது கொடுத்து நிற்கிற வெளியாள். நாளைக்குத் தெருவே பேசும்.

அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"இல்ல," என்றார். "வீடு மாறி வந்திருக்கார்."

கேட்டில் நின்றவன் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கப் பார்த்தான். விரல்கள் வரவில்லை. கம்பியிலேயே நின்றன, ஈரச் சாம்பலாக, நான்கு குச்சிகள் போல. மழை அவற்றைத் தட்டி வீழ்த்தியது. அவன் அவற்றைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். தாடி வழிந்தது. கன்னம் வழிந்தது. வாய் 'அப்பா' என்பதுபோல அசைந்து, அசைவின் நடுவிலேயே தோளோடு இறங்கியது. பை தொப்பென்று விழுந்தது.

"உள்ள வாங்கப்பா," என்று கூப்பிட்டது கூடத்திலிருந்து ஒரு குரல். "ஆறிடும்."

மனைவி உள்ளே போனாள். மகள் போனாள். கம்பவுண்டர், கேட்டில் யாரும் நின்றதே இல்லை என்பதுபோல, குடையை விரித்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தார்.

கேட்டுக்கு அடியில் நுழைந்து சாம்பல் நிறத் தண்ணீர் நடைபாதைக் கற்களின் இடுக்கு வழியாக மெல்ல வந்தது. படிக்கு வந்தது. படி ஏறாது என்று நினைத்தார். ஏறியது. அவர் வெறும் காலில் நின்றிருந்தார். பின்வாங்கவும் முடியவில்லை.

அது அவர் பாதங்களைச் சுற்றி நின்றது. வெளியே குளிர் மழை பெய்துகொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியைப் போல.