சுவர்ப் பக்கம் சாயும் கன்றுகள்

கூடாரத்தின் ஜிப்பை இழுத்ததுமே மொகெத்தேவுக்குச் சுருக்கென்றது. தலைக்கு மேல் வெள்ளை வெளேரென்று விளக்கு எரிந்துகொண்டிருக்க, நான்கு கஞ்சாக் கன்றுகளும் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் இடதுபக்கச் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தன. கூப்பிட்டவர் யாரென்று கழுத்தை நீட்டிப் பார்ப்பதுபோல.

நேற்றும் இப்படித்தான் இருந்தது. நேற்றே தொட்டிகளைத் திருப்பி வைத்தான்.

செடி விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே இலை மட்டத்தில் புறங்கையை நீட்டிப் பார்ப்பான். சூடு உறைத்தால் கயிற்றை இழுத்து விளக்கை ஒரு சாண் மேலே ஏற்றுவான், உறைக்காவிட்டால் இறக்குவான். விளக்கு எட்டிப் போனால் இளங்கன்று வெளிச்சத்துக்கு ஏங்கி வெளுத்த நூலாக நீண்டு, தன் பாரம் தாங்காமல் ஒருநாள் அப்படியே மடிந்துவிடும். அதற்காகவே விளக்கின் ஒயரோடு சேர்த்து மூலையில் ஒரு சின்ன விசிறியும் வைத்திருந்தான். காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு உரம் பிடிக்கும். இத்தனை செய்தும் இவை சுவரைப் பார்க்கின்றனவே!

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் அறை. அத்தையை அடக்கம் பண்ணி இது மூன்றாவது சனிக்கிழமை. சொந்தக்காரர்கள் கூடி உடுப்புகளைப் பங்கு போடும்வரை திறக்கக் கூடாதென்று அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

மனைவியின் அம்மா அவர். லெசோத்தோ மலைக்காரி. நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்பும் முற்றி, மகள் வீட்டில் இருக்கலாமென்று எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த மங்காவுங் நகருக்கு வந்தவர். மூக்கில் மூச்சு மிஷினின் குழாயும் மடியில் மூக்குப்பொடி டப்பியுமாக, ஒன்றுக்கொன்று ஆகாது என்று தெரிந்தே இரண்டையும் வைத்திருந்தார். கூடாரம் வந்த அன்று எட்டிப் பார்த்துவிட்டு என்ன சிரிப்பு சிரித்தார்!

"எங்க மலையில இதை வெயில்ல நட்டுட்டு ஆட்டைப் பார்க்கப் போயிடுவோம். நீங்க என்னடான்னா சூரியனையே கடையில வாங்கித் தொங்கவிட்டிருக்கீங்களே, மாப்ள!"

சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க அரைமணி நேரம் ஆனது.

அவன் தொட்டிகளை மறுபடியும் திருப்பி வைத்தான். ஜிப்பை ஏற்றும்போது கூடாரத்துக்குள்ளிருந்து மெல்லிசாக மூக்குப்பொடி வாசனை வந்தது. அவன் தும்மவில்லை. தும்மக்கூடப் பயமாக இருந்தது.

மனைவி டினேயோ மாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சூப்பர் மார்க்கெட் பேக்கரியில் வேலை. அடுப்படியில் நின்றபடியே பாப் களியைக் கீரையில் தொட்டு விழுங்கினாள்.

"அம்மா உடுப்பைப் பங்கு போட்டதும் அந்த ரூம் காலியாத்தானே இருக்கும்? பெரிய ஜன்னல். உன் செடியெல்லாம் அங்க வச்சுக்கோயேன்."

"வேண்டாம்!"

"ஏன் இப்படிக் கத்துற?"

"இல்ல… குளிரும் அந்த ரூம்."

அவள் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். "கடைக்காரன் தலைபாடா அடிச்சுக்கிட்டான், மொகெத்தே. பெரிய பேட்டரியா எடுங்கம்மான்னு. சின்னதே போதும்னு சொன்னவ நான்தான். என் அம்மாவை நானே கொன்னுட்டேன்."

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. நாக்கு நுனிவரை வந்தது.

"நேரமாச்சு பார், வண்டியை விட்டுடுவே," என்றான்.

படுபாவி! அவனே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டான்.

நடந்தது இதுதான். கரண்ட் போனால் பேட்டரி ஒரே ஒரு பிளக்கைத்தான் தாங்கும். அத்தையின் மூச்சு மிஷினுக்காக வாங்கிய பேட்டரி அது. நடையில் தரையோரம் வைத்து, மிஷின் ஒயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்து, பிளக்கில் அடையாளத்துக்குச் சிவப்பு டேப் சுற்றியிருந்தாள் டினேயோ. அந்த வாரம் தினமும் சாயங்காலம் மின்வெட்டு. அப்போதுதான் முளைத்த கன்றுகள் இருட்டில் கிடந்து நூலாக நீள ஆரம்பித்திருந்தன. அத்தை நல்ல தூக்கத்தில் இருந்தார். சாப்பிடும்போது குழாய் இல்லாமல் அரைமணி இருப்பாரே, அரைமணிதானே என்று நினைத்தான். சிவப்பு டேப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விளக்கின் பிளக்கைச் சொருகினான். வெளியே உறைபனிக் குளிர், கூடாரத்துக்குள்ளோ வெதுவெதுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டான்.

விழித்தபோது கரண்ட் வந்திருந்தது. ஓடிப்போய்ச் சிவப்பு பிளக்கைத் திரும்பச் சொருகினான். டினேயோ வேலையிலிருந்து வந்து பார்க்கும்போது மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தையின் கை மட்டும் கட்டிலிலிருந்து சுவரை நோக்கி நீண்டபடி விறைத்திருந்தது.

கன்றுகள் பிழைத்துக்கொண்டன.

ஆறு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் கரண்ட் போனது. தெருவில் ஒவ்வொரு வீடாக இருட்டில் முழுக, எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய, குளிர் காலத்து நிலக்கரிப் புகை கதவிடுக்கு வழியாக உள்ளே ஊர்ந்தது. பேட்டரி ஒருமுறை பீப் என்றது, கூடாரத்துக்குள் விளக்கு மறுபடி எரிந்தது. மொகெத்தே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இன்று கண்ணை மூடப் போவதில்லை. கன்றுகள் எந்த நேரத்தில் எப்படித் திரும்புகின்றன என்று பார்த்தே தீர வேண்டும்.

விசிறி சுற்றியது. இலைகள் அசைந்தன. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது, இலைகள் விசிறிக்கு ஏற்ப ஆடவில்லை. நான்கு கன்றுகளும் சேர்ந்தாற்போல் மெல்ல எழும்பின, கொஞ்சம் நின்றன, பிறகு தளர்ந்தன. மறுபடி எழும்பின. தூங்குகிறவர் மார்பு ஏறி இறங்குவது மாதிரி.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம்.

டொக். ஸ்ஸ்ஸ்ஸ். டொக். ஸ்ஸ்ஸ்ஸ்.

மிஷின் அங்கே இல்லை. அடக்கத்துக்கு மறுநாளே அதை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். அவனே ஒரு கை கொடுத்து வண்டியில் ஏற்றினான்.

டொக். ஸ்ஸ்ஸ்ஸ்.

விளக்கு அணைந்தது.

கைபேசி வெளிச்சத்தில் நடைக்குப் போனான். விளக்கின் பிளக் தரையில் கிடந்தது. தானாக நழுவி விழுந்த மாதிரி இல்லை. பிடுங்கித் தள்ளி வைத்த மாதிரி இருந்தது. குனிந்து திரும்பச் சொருகினான். கூடாரத்தில் வெளிச்சம் வந்தது.

கைபேசி அதிர்ந்தது. டினேயோ.

"மொகெத்தே, இங்க ஜெனரேட்டர் போட்டிருக்காங்க. சும்மா உட்கார்ந்திருக்கேன், வேலை ஓடல." "ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லு. அன்னைக்கு நீ வீட்லதானே இருந்தே. பேட்டரி தீர்ந்துதான் போச்சா? என்னாலதானா?"

அவன் பூட்டிய கதவைப் பார்த்தான். கதவுக்குக் கீழே, முன்பு ஒயர் வந்த இடுக்கு கறுப்பாகத் தெரிந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அவள் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் இந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்பதும் தெரியும்.

"ஆமா," என்றான். "பேட்டரி சின்னதுதான். நீ என்ன செய்வே, விடு."

விளக்கு அணைந்தது.

காலடியில் பிளக் விழும் சத்தம். மூக்குப்பொடி வாசனை. இந்தத் தடவை நெடி கண்ணைக் கரித்தது.

கைபேசித் திரையின் மங்கிய ஒளியில் கதவிடுக்கைப் பார்த்தான். அங்கிருந்து என்னவோ வெள்ளையாக வெளியே வந்திருந்தது. ஒயர் என்று நினைத்தான். நூல்போல மெலிந்து, முழம் முழமாக நீண்டு, தரையில் மடிந்து, மடிந்த இடத்தில் மறுபடி நிமிர்ந்தது. வெளிச்சம் காணாத கன்று நீள்வதுபோல அது நீண்டிருந்தது. அதன் நுனியில் நகம் இருந்தது.

விரல்கள். ஒரு கையின் விரல்கள்.

அவை சுவரைத் தடவின. பேட்டரியைத் தடவின. வெறும் துளைகளைத் தொட்டுப் பார்த்தன. சிவப்பு டேப்பைத் தேடின.

கிடைக்கவில்லை.

"மொகெத்தே? அங்க என்ன சத்தம்?" டினேயோ கேட்டாள். "அம்மா மிஷின் சத்தம் மாதிரி இருக்கே…"

அவனால் நகர முடியவில்லை. வீட்டில் இருந்த ஒரே வெளிச்சம் அவன் காதோரம் இருந்தது. விரல்கள் அதை உணர்ந்தன. நின்றன. திரும்பின.

மெதுவாக எழும்பின. முழங்காலைத் தாண்டி. மார்பைத் தாண்டி. ஐஸாகச் சில்லிட்டு, கழுத்தைத் தாண்டி.

"மொகெத்தே, பேசு! அம்மாவா அது?"

இரண்டு விரல்கள் அவன் மேலுதட்டில் வந்து படிந்தன. அத்தைக்குக் குழாயை மாட்டிவிடும்போது அவன் எத்தனையோ தடவை செய்ததுபோலவே, நிதானமாக, மூக்கின் இரண்டு துவாரங்களிலும் பொருத்தமாக நுழைந்தன.

பிறகு, டொக் என்று ஒரு சத்தம். விரல்கள் அவன் நெஞ்சிலிருந்த மூச்சை உறிஞ்ச ஆரம்பித்தன.