முதலில் இறங்குபவன்

மூன்றாவது நாளாகத் திரையில் லைலின் பெயர்தான் முதலில் நின்றது.

தண்டர் பே துறைமுகத்தில் கோதுமைக் குதிர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்ய எட்டுப் பேர். மேலாளர் வேண்டியவர்களைக் காப்பாற்றுகிறார் என்று சங்கம் சண்டை போட்டதிலிருந்து, காலை ஏழு மணிக்கு இணையப் பக்கமே பெயர்களைக் குலுக்கிப் போடும். பெயர் முதலில் வருபவன் கயிறு கட்டிக்கொண்டு முதலில் இறங்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் கோதுமை சரிந்தால் அவன் தலைமேல்தான். அந்தப் பக்கத்தை எழுதியவள் மார்னி. லைல் அவள் தம்பி.

“என்மேல ரொம்பப் பாசம்போல. தினம் என்னையே முதல்ல அனுப்புற,” என்று போனில் சிரித்தான்.

“பத்து நிமிஷம் பொறுடா. இறங்காதே.”

தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். சோம்பலில் ஒற்றை வரியில் முடித்திருந்தாள்: வரிசைப்படுத்தும் கட்டளையிடம், இரண்டிரண்டு பெயராக எடுத்து, எது முன்னால் என்று காசு சுண்டிப் பார்த்துக்கொள் என்று. அப்படிக் குலுக்கினால் முன்னால் இருப்பது பெரும்பாலும் முன்னாலேயே தங்கிவிடும். பட்டியலில் தம்பி பெயரைத்தான் ஆசையாக முதலில் அடித்திருந்தாள்.

கடைசிப் பெயரிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் அதுவரையுள்ளவற்றில் குருட்டாம்போக்கில் எடுத்த ஒன்றோடு இடம் மாற்றும் முறையான வழியில் திருத்தி எழுதினாள்; வீட்டுச் சன்னலில் பனித்தூள் உரசிக்கொண்டே இருக்க, அறையைச் சூடாக்கும் குழாயிலிருந்து ஈரக் கோதுமை புளித்த வாடையும், உள்ளே ஏதோ மெல்லச் சரிகிற சத்தமும் வந்தன. பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொருவரும் ஆயிரத்துச் சொச்சம் முறை முதலில் வர வேண்டும்.

லைல், பத்தாயிரம்.

அவன் பெயரைக் கடைசிக்குத் தள்ளினாள். பத்தாயிரம்.

அழித்தே விட்டாள். ஏழு பெயர்கள். ஓட்டினாள்.

லைல்.

பக்கம் தானாகவே மாறியது. எட்டு வரிகள். எட்டிலும் லைல்.

போனை எடுத்தாள்.

“இறங்கிட்டியா?”

“நீதானக்கா புதுப் பட்டியல் அனுப்பின. எல்லாரும் இறங்கிட்டோம்.”

“எல்லாரும்னா யாரு?”

போனுக்குள் கோதுமை சரிந்துகொண்டிருந்தது.

“லைல்?”

“என்னக்கா,” என்றது அவன் குரல். மறுபடி, “என்னக்கா.” எட்டு முறை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட இன்னும் ஆழத்திலிருந்து.