படத்தில் விழாத இடம்

"ஓடாமலாம் இல்ல மாப்ள, நல்லாத்தான் ஓடுது. நீளமாயிருச்சுன்னு சொல்றேன்."

"எது நீளமாச்சு?"

"கல்யாணக் கிளிப்புடா. கேமராவுல நாலு நிமிசம் இருந்துச்சு. மாத்தி முடிச்சுப் பாத்தா அஞ்சுக்கு மேல காட்டுது. மிச்சம் எங்கிருந்து வந்துச்சு?"

"உன்ற கேமரா குட்டி போட்டிருக்கும்." செல்போனில் சபரீஷ் சிரித்தான். சேலத்தில் எடிட்டிங் வேலை பார்ப்பவன். ரமீஸுக்குக் கம்ப்யூட்டரில் படம் வெட்டக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். "ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடாத் தெரியுதா?"

"தெரியுது." ரமீஸ் தயங்கினான். "ஆனா ஒருத்தர் மேல மட்டுந்தான் தெரியுது."

"யாரு, பொண்ணா மாப்பிள்ளையா?"

"யாரோ ஒரு அம்மா."

"ஒவ்வொரு படத்துலயும் ரெண்டு அரைப்படம் இருக்குதுடா. ஒத்தைப்படைக் கோட்டுல ஒண்ணு, ரெட்டைப்படைக் கோட்டுல ஒண்ணு. ரெண்டும் ஒட்டலீன்னா பல்லு தெரியும். ஒரு பாதியத் தூக்கிப் போட்டுட்டு மாத்து. யாருக்கும் தெரியாது."

போன் அடங்கிய பிறகும் அந்தக் கடைசி வார்த்தை அறையிலேயே இருந்தது. யாருக்கும் தெரியாது.

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பேக்கரி மாடியில், ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து 'நியூ விஷன் வீடியோ' என்று போர்டு மாட்டியிருந்தான். அடிவாரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அப்பா அப்பாஸ் அலியிடம் கெஞ்சி வாங்கிய கேமரா அது. கேசட் கிடையாது, நேராக உள்ளேயே பதிவாகும் புது மாடல். மலையில் வேறு யாரிடமும் இல்லாதது. ஆனால் அது தரும் ஃபைலை எடிட்டிங் சாஃப்ட்வேர் திறக்க மறுத்தது. ஒவ்வொன்றையும் வேறு வடிவத்துக்கு மாற்றிய பிறகே வெட்டவோ ஒட்டவோ முடியும். மாற்றும்போது திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் படம் ஓடும், கீழே பச்சைக் கோடு மெல்ல வளரும். மதியம்தான், ஆனால் மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. கீழே அடுப்பிலிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், எங்கிருந்தென்று தெரியாமல், நனைந்த சாக்கின் வாடை.

அவன் அந்தக் கிளிப்பை இன்று காலைதான் முதல்முறை முழுதாகப் பார்த்தான்.

முந்தாநாள், மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டில் கல்யாணம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மணமக்களுக்குப் பின்னால், பந்தல் ஓரத்தில், பெண்ணின் அத்தை அத்தாயி மஞ்சள் உரச்சாக்கை மழைக்குக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். தாயில்லாத பெண்ணை வளர்த்தவள் அவள்தான் என்று யாரோ சொன்னார்கள். ரமீஸின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அந்த உரச்சாக்குதான். சேலத்து ஸ்டுடியோக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். கேமராவின் சின்னத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் கையை ஆட்டினான். அவன் குரல் இப்போது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அந்தச் சாக்கு, ஃப்ரேம்ல விழுகுதுங்க. பின்னாடி போங்க."

"இங்கீங்களா சாமி?"

"இன்னும் பின்னாடி."

"இன்னும் தள்ளணுங்களா சாமி?"

"போங்கம்மா, போங்க, போய்ட்டே இருங்க..."

அவள் அவன் முகத்தையே பார்த்தபடி, சிரித்தபடி, குதிகாலால் தரையைத் தடவித் தடவிப் பின்னால் போனாள். பந்தலுக்குப் பின்னால் மரவள்ளிக் காட்டு வரப்பு. அதற்கப்பால் உண்ணிச்செடி மண்டிய ஓடைப் பள்ளம். மேளம் உச்சத்தில் இருந்தது. மஞ்சள் நிறம் திரையின் ஓரத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு கீழே போனது. பக்கவாட்டில் இல்லை. கீழே. ஒரு கை மட்டும் மேலே எழும்பி மறைந்தது. அதற்குப் பதில்போல ஸ்பீக்கரில் அவன் குரல்:

"ம்... சூப்பர்."

காலையிலிருந்து அந்த 'சூப்பர்' அவன் காதிலேயே இருந்தது. உயிரோடு இருக்கலாம். இரண்டு நாள்தானே. யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னால் கயிறு கட்டி இறங்கிவிடுவார்கள். ஆனால் சொன்னால் படத்தைக் கேட்பார்கள். படத்தில் அவன் குரல் இருக்கிறது.

மரப்படியில் செருப்புச் சத்தம். அண்ணாமலை. பெண்ணின் அப்பா, அத்தாயியின் தம்பி. கல்யாண வேட்டியே இன்னும் இடுப்பில் இருந்தது, கரையெல்லாம் சேறு.

"ஏனுங்க தம்பி, படமெல்லாம் வந்துருச்சுங்களா?"

ரமீஸின் கை தானாக மானிட்டரை அணைத்தது. "மாத்திட்டிருக்கேனுங்கண்ணா. நேரமாகும்."

"படம் கெடக்குது தம்பி. எங்கக்காளக் காணமுங்க. பொண்ணு சோறு திங்க மாட்டேங்குது. கோவிச்சுக்கிட்டு எங்கியாச்சும் போயிருச்சோ என்னமோ. உங்க படத்துல எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியுங்களா?"

சொல்லிவிடு. சொல்.

"மஞ்சச் சாக்குப் போட்டிருந்த அம்மாவுங்களா?" அவன் குரல் அவனுக்கே யாரோ பேசுவது போலிருந்தது. "ரோட்டுப் பக்கமாப் போனாங்க. குண்டூர் நாட்டுப் பக்கம்."

அண்ணாமலையின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! அங்கதான் எங்க சின்னக்கா ஊடு இருக்குது. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க தம்பி. போயிட்டு வாரனுங்க." இறங்கும்போது திரும்பி, "எங்கக்காளுக்குப் போட்டோன்னா உசுருங்க. ஒரு போட்டோகூட இல்ல. அது மொகம் தெரியுற மாதிரி படத்துல நல்லா வைங்க" என்றார்.

கீழே ஜீப் கிளம்பியது. குண்டூர் நாட்டுப் பக்கம். ஓடைக்கு நேர் எதிர்த்திசை. ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும். தாழ்ப்பாளில் கை வைத்தான். ஜீப் சத்தம் பனிக்குள் தேய்ந்து, இல்லாமல் போனது. கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.

பிறகு உட்கார்ந்து மானிட்டரைப் போட்டான். சபரீஷ் சொன்னதைச் செய்தான். இரண்டு அரைப்படங்களையும் தனித்தனியாகப் பார்த்தான். ஒன்றில் அவள் இருந்தாள். மற்றதில் அவள் நின்ற இடத்தில் வெறும் பனி. எப்படி என்று யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை. அவள் இருந்த பாதியைக் கழித்தான், சத்தத்தையும் நீக்கினான், மாற்றும் பொத்தானை அழுத்தினான்.

பச்சைக் கோடு வளர்ந்தது. சின்னச் சதுரத்தில் பட்டுப்புடவைகள், மாலை, தாலி. மஞ்சள் இல்லை. கிளிப் முடிய வேண்டிய இடம் வந்தது.

முடியவில்லை.

பனி. அந்தக் கூடுதல் நிமிடம் முழுக்க வெறும் வெள்ளைப் பனி. நடுவில் ஒரு புள்ளி, கடுகளவு, மஞ்சளாக. அது வளர்ந்தது. யாரோ கேமராவை நோக்கி வருகிறார்கள் என்று நினைத்தான், முகம் தெரியும் என்று காத்திருந்தான். முகம் வரவில்லை. தெரிந்தது முதுகு. தலையிலிருந்து தொங்கும் சாக்கின் பின்புறம். அதற்குக் கீழே சேறு அப்பிய குதிகால்கள், ஒவ்வோர் அடிக்கும் தரையைத் தடவித் தடவிப் பார்த்து, பின்பக்கமாகவே நடந்து வந்தன.

பின்னாடி போங்க என்று சொன்னவன் அவன்தான். நில்லுங்கள் என்று சொல்லவில்லை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். கோடு வளர்ந்தது. மறுபடி அழுத்தினான். பனிக்குள் மரவள்ளி வரப்பு கடந்தது. தார்ரோடு வந்தது. செம்மேட்டு மைல்கல். பஸ் நிற்கும் இடம், கீழே பேக்கரியின் கண்ணாடி அலமாரி, மரப்படி. குதிகால் முதல் படியைத் தடவியது.

பிளக்கைப் பிடுங்கினான். திரை கறுத்தது.

அமைதி. கீழே ரொட்டி வாசனை இல்லை. சாக்கு வாடை மட்டும். ஈர மண். நசுங்கிய உண்ணிச்செடி.

படியில் ஒரு சத்தம். செருப்பில்லாத கால். தடவல். நிற்றல். மறுபடி தடவல்.

கத்தலாம். கீழே ஆட்கள் இருக்கிறார்கள். கத்தினால் ஓடி வருவார்கள். வந்தால் என்னவென்று கேட்பார்கள்.

கத்தவில்லை.

கறுத்த திரையின் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவன் தோளுக்குப் பின்னால் கதவு. கதவு திறந்தது. முதலில் ஒரு குதிகால். அப்புறம் மஞ்சள். சாக்கின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓர் அடி. இன்னோர் அடி. குளிர்ந்த முதுகு அவன் முதுகில் வந்து முட்டி, நின்றது.

சாக்குக்குள் தலை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. தோள்கள் திரும்பவில்லை.

அவன் காதோரம், பிரியமாக, ஆவலாக, அந்தக் குரல்.

"இப்பப் படத்துல விழுகல இல்லீங்களா சாமி? நல்லாருக்குதா, பாத்துச் சொல்லுங்க சாமி."