கீழ் லயத்துப் பாட்டு

கீழ் லயத்துப் பக்கம் ஆள் கூடிக்கொண்டே போனது. லோரன்ஸ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் மாலை, தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயமும் கீழ் லயமும் சடுகுடு ஆடுவது, கலகெதரப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் வருடந்தோறும் நடப்பது. ஆட்டம் சூடுபிடித்தால், வேடிக்கை பார்க்க வந்தவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குதித்துவிடுவான். ஆனால் இந்த வருடம் கீழ் லயத்தில் குதிக்க ஆள் ஏது? போன வருடக் கடைசியில் வந்த மலேரியாக் காய்ச்சல், ஆற்றோரத்து அந்த லயத்தை வழித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. அங்கிருந்து நாலைந்து பேரைத் தேற்றிக் கொண்டுவருவதற்குள் கங்காணிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

ஐரின் இருந்திருந்தால் அவர்கள் பக்கம் நின்றுதான் கத்தியிருப்பாள். கீழ் லயத்தில் பிறந்தவள். லோரன்ஸைக் கட்டிக்கொண்டு மேல் லயத்துக்கு வந்த பிறகும், ஆட்டத்தன்று மட்டும் பிறந்த வீட்டுக் கட்சி. "புருசனாவது மண்ணாங்கட்டியாவது, இன்னைக்கு நீங்க தோக்கணும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவாள். அந்தக் காய்ச்சல் அவளையும் கொண்டுபோயிற்று. இப்போது அவனுக்கென்று மிச்சம் இருப்பது தம்பி அம்புறோஸ் ஒருவன்தான். கொயினா மருந்தைக் குடித்துக் குடித்துப் பிழைத்து எழும்பிய அவன், ஆடாதே என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் மேல் லயத்துக் கட்சியில் அண்ணன் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டான்.

மழை விட்ட ஈரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏறியது. முதலில் ரப்பர் மரங்களின் அடியையும், பிறகு வேடிக்கை பார்த்தவர்களின் காலையும் இடுப்பையும் மறைத்து, ரப்பர் ஷீட் காயும் புகையறையின் கரிநாற்றத்தையும் ரப்பர்ப் பால் வாளிகளின் புளித்த வாடையையும் தன்னோடு சுருட்டிக்கொண்டு, மண்ணில் கீறிய கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டது. பனிக்குள் கீழ் லயத்து ஆட்கள் நிழல்களாகத்தான் தெரிந்தார்கள். கைகோத்து நின்றார்கள். வரிசை நீளமாக இருந்தது.

"தம்பி, அந்தப் பக்கம் ஆள் கூடலயா?"

"பயந்தவனுக்கு ஒண்ணு பத்தாத் தெரியும்ணே. கோட்டைப் பாரு, பாட்டு வருது."

பாட்டு வந்தது. சடுகுடு, சடுகுடு, சடுகுடு. ஒரே சுருதி, ஒரே வேகம். பாடி வருகிறவன் எவனாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் குரல் கம்மும், நெஞ்சு திணறும், கோட்டைப் பார்த்து ஓடியாக வேண்டும். இவன் ஓடவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிதானமாக உலாவினான். லோரன்ஸ் தானும் மூச்சைப் பிடித்துப் பார்த்தான். தாங்க முடியாமல் விட்டான். மறுபடி பிடித்தான், மறுபடி விட்டான். பாட்டு அறுபடவே இல்லை. வேடிக்கை பார்த்தவர்களின் இரைச்சல் எப்போது நின்றது என்றும் தெரியவில்லை. தன் பக்கத்து மற்ற ஆட்களையும் காணோம். அந்திக்கு அடிக்கும் கோயில் மணிகூடக் கேட்கவில்லை.

பனி கொஞ்சம் விலகியது. பாடியவன் கறுப்பையா. கீழ் லயத்தின் கெட்டிக்கார ஆட்டக்காரன். தை மாதம் அவன் பாடையைத் தூக்கியவர்களில் லோரன்ஸும் ஒருவன்.

கறுப்பையா கையை நீட்டி அம்புறோஸின் தோளைத் தொட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் கோட்டைத் தாண்டிப் போனான். அந்தப் பக்கம் யாரோ எழும்பி நிற்கும் சத்தம் கேட்டது.

தொடப்பட்டவன் வெளியே போக வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வெளியே இருக்கும் ஒருவன் எழும்பி உள்ளே வரலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அம்புறோஸ் சொல்பேச்சுக் கேட்கிறவன் போல ஓரத்துக்குப் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். உடம்பு உதறியது. உதடு நீலம் பாய்ந்தது. லோரன்ஸ் ஓடிப்போய் அவன் நெஞ்சில் கை வைத்தான். நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

"தம்பி, டேய், என்னைப் பாருடா!"

அம்புறோஸ் பார்க்கவில்லை. அவனை எழுப்ப ஒரே வழிதான் இருந்தது. அந்தப் பக்கம் போய் ஒருவரைத் தொட்டுவிட்டு வர வேண்டும். லோரன்ஸுக்கு அழுகை முட்டியது. அழுதால் மூச்சு போய்விடும். துடைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாடியபடி கோட்டைத் தாண்டினான்.

அங்கே மண் சில்லிட்டது. புதிதாக வெட்டிய மண்ணின் வாடை. வரிசை அவனைச் சுற்றி வளைந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள். பால் வெட்டியவர்கள், பிஞ்சு வயதுப் பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள். அவன் நெஞ்சு எரிந்தது. மூச்சு முடியப் போகிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரே ஒருத்தி.

ஐரின்.

அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு நொடி பாட்டை மறந்துவிடப் பார்த்தான். தொட்டால் அவள் இங்கேயும் இருக்க முடியாது. தொடாவிட்டால் தம்பி இல்லை.

தொட்டான்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்து எழுந்தபோது அம்புறோஸ் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தக் களை திரும்பியிருந்தது. "அண்ணே, இருட்டிப் போச்சு. வா, லயத்துக்குப் போவோம்" என்றான். லோரன்ஸ் அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். சூடான கன்னம். உயிருள்ள கன்னம்.

அப்போது அந்தப் பக்கத்து ஓரத்தில் ஏதோ அசைந்தது.

ஐரின் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

"என்னங்க," என்றாள். "எனக்குக் குளிருதுங்க."

அவள் குரல்தான். அதே குரல்தான்.

இனி அவர்கள் முறை. கறுப்பையா பாடத் தொடங்கினான். கோட்டைத் தாண்டினான். அண்ணன் தம்பி இருவருக்கும் முன்னால் வந்து நின்றான். கையை நீட்டினான். தொடவில்லை. இருவரில் எவனைத் தொட்டாலும் ஐரின் எழும்பி உள்ளே வரலாம். பாடிக்கொண்டே லோரன்ஸின் கண்ணைப் பார்த்தான். காத்திருந்தான்.

"என்னங்க."

"அண்ணே, என்னா செய்ற?" அம்புறோஸின் குரல் முன்னாலிருந்து வந்தது.

லோரன்ஸ் குனிந்து பார்த்தான். அவனுடைய இரண்டு உள்ளங்கைகளும் தம்பியின் முதுகில் அழுத்தமாகப் பதிந்திருந்தன.