மூன்றாவது கண்ணாடி

அன்று கோயிலில் இருந்தவர்கள் ஐந்து பேர். சாவிக்காரன் பஸ்தாவி. அவன் தம்பி ஹெகாஸி. கெய்ரோவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த இன்ஜினியர் ரவூஃப், அவர் மனைவி இனாஸ். வாசல் நிழலில் துப்பாக்கியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்த காவலர் வனீஸ். ஆறாவது ஆளைப் பஸ்தாவி உள்ளே விடவில்லை. ஏழு தலைமுறையாக எங்கள் வீட்டார் திறந்து மூடும் கதவு அது. உள்ளே போனவர் யார் என்று பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை எங்களுக்கு வந்ததில்லை.

உச்சி வெயில். பேருந்துகள் எல்லாம் ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டன. பஸ்தாவி முற்றத்தில் நின்று, பழைய அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய பெரிய கண்ணாடியால் வெயிலைப் பிடித்து வாசல் வழியாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். தூண் மண்டபத்தின் நடுவே ஹெகாஸி, வெள்ளித்தாள் ஒட்டிய பலகையில் அதை வாங்கி இடப்பக்கத்துச் சிற்றறைக்குள் திருப்பினான். நான்கு எட்டு நீளம்தான் அந்த அறை. ஜன்னல் இல்லை, வேறு வாசலும் இல்லை.

"மின்சாரம் வந்து நூறு வருஷமாச்சு ஹாஜ். நீங்க இன்னும் வெயிலத் திருப்பிக்கிட்டு நிக்கிறீங்க" என்று உள்ளே போகும்போது இன்ஜினியர் சிரித்தார்.

"உங்க ஊர்ல மின்சாரம் இருக்கு ஐயா. வெயில்தான் இல்ல. எல்லாம் புகை" என்றான் பஸ்தாவி.

அவர்கள் சிற்றறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருக்கும். மண்டபத்தின் கூரையில் ஓர் ஒளித்துண்டு அசைவதைப் பஸ்தாவி கண்டான். உள்ளங்கை அகலம். அது ஹெகாஸியின் பலகையிலிருந்து வரவில்லை, சிற்றறைக்குள்ளிருந்து வந்தது. அந்த அறையின் சுவர்கள் பழைய அடுப்புப் புகையில் கறுத்தவை. அங்கே பளபளப்பாக எதுவும் கிடையாது. வௌவால் எச்சத்தின் காட்டமான நெடிக்கு நடுவே ஈர மண் வாசனை ஒன்று வாசல்வரை வந்தது. புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை.

மூன்று வாரமாக ஹெகாஸி விடியுமுன்பே சாவியை எடுத்துக்கொண்டு வருகிறான். வௌவாலை விரட்ட என்கிறான். போன மாதம்தான் பக்கத்து ஊரில் வீட்டுக்கு அடியில் சுரங்கம் வெட்டிச் சிலை எடுத்தவனை விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். அவன் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க இன்று ஆள் இல்லை.

"ஹெகாஸி! உள்ள யாருடா?"

"இன்ஜினியரும் மேடமும். வேற யாருண்ணே? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

அந்தச் சிரிப்பு பஸ்தாவிக்குப் பிடிக்கவில்லை.

சற்றைக்கெல்லாம் இன்ஜினியர் மட்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். "உங்க ஆளுகிட்டச் சொல்லுங்க ஹாஜ். என் மனைவி மூஞ்சியிலேயே வெளிச்சத்த அடிக்கிறார்."

"தம்பியா?"

"தம்பி மண்டபத்துல நிக்கிறான். நான் சொல்றது உள்ள மூலையில கண்ணாடி வெச்சிருக்காரே, அந்தப் பெரியவர். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறார். என்ன, பட்டணத்துக்காரங்களுக்கு வேடிக்கை காட்டுறீங்களா?"

நிழலிலிருந்து வனீஸ் தலையைத் தூக்கினார். "என்ன ஹாஜ்? எதாவது பிரச்சினையா?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வனீஸ் துப்பாக்கியோடு உள்ளே போயிருப்பார். ஆனால் தம்பி ஒளித்து வைத்த திருடனைக் காவலர் கையால் பிடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் பள்ளிவாசலில் எந்த வரிசையில் போய் நிற்பது?

"ஒண்ணுமில்ல வனீஸ். எங்க சித்தப்பா ஒருத்தர். காது கேக்காது" என்றான் பஸ்தாவி.

வனீஸ் மறுபடி சாய்ந்துகொண்டார். பஸ்தாவி கண்ணாடியோடு வாசல்படிவரை போய், பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியிடம் சொன்னான்: "நீ கொண்டாந்த ஆள நீயே சத்தமில்லாம வெளிய கூட்டிட்டு வா. மேடத்தையும் அனுப்பு."

"நான் யாரண்ணே கொண்டாந்தேன்?"

"போடா."

ஹெகாஸி அண்ணனை ஒருமுறை பார்த்தான். பலகையைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுச் சிற்றறைக்குள் போனான். செருப்பின் சரசரப்பு நான்கு எட்டு கேட்டது. ஐந்தாவது எட்டும் கேட்டது. ஆறு. ஏழு. பிறகும் போய்க்கொண்டே இருந்தது, மெல்ல மெல்லத் தேய்ந்து.

பஸ்தாவி கண்ணாடியைக் கவிழ்த்து மணலில் வைத்தான். மண்டபம் இருண்டது.

சிற்றறை இருளவில்லை.

அதன் வாசலிலிருந்து வெளிச்சம் மண்டபத் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. உச்சி வெயிலின் வெள்ளை இல்லை அது. சாயங்காலச் சிவப்பு.

இனாஸ் வந்தாள். ஓடவில்லை. தூக்கத்தில் நடப்பவள்போல் வந்து கணவனின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பெரியவர் உங்க தம்பி கையில கண்ணாடியக் குடுத்துட்டார்" என்றாள் பஸ்தாவியிடம். "குடுத்துட்டு, எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமான்னு கேட்டார். அப்புறம் சுவரோரமா உக்காந்தார். உக்காந்தவர்... அங்க வெறும் துணிதான் கிடந்துச்சு."

இன்ஜினியர் இந்த முறை சிரிக்கவில்லை. அவளை அணைத்து இழுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

"ஹெகாஸி."

"டேய், விளையாடாதே. வெளிய வா. திட்ட மாட்டேன்."

தரையில் கிடந்த வெளிச்சம் அசைந்தது. இடம், வலம், இடம். இன்னும் ஒரு கண்ணாடி வேண்டும் என்பதற்கு அண்ணனும் தம்பியும் சின்ன வயது முதல் காட்டும் சைகை.

பஸ்தாவி உள்ளே போனான். தூண்கள் குளிர்ந்திருந்தன. வௌவால்களின் சத்தம் நின்றிருந்தது. ஈர மண். அவன் மூச்சு. வேறு சத்தமில்லை.

சிற்றறை வாசல். எட்டிப் பார்த்தான்.

தரையில் குழி இல்லை. தோண்டிய தடமும் இல்லை.

பின்சுவரும் இல்லை.

ஆட்கள் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக, கண் எட்டும்வரை. ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு கண்ணாடி. அருகில் இருந்தவர்கள் நீள அங்கியில். அப்பால் இடுப்புத் துணியோடு. இன்னும் அப்பால், பளபளக்கும் செம்புத் தகட்டோடு. ஒவ்வொரு முகத்திலும் எங்கள் வீட்டு மூக்கு. எங்கோ கோடியிலிருந்து அந்தச் சிவந்த வெளிச்சம் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது.

வரிசையின் இந்தக் கோடியில் ஹெகாஸி. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

அவனுக்கு முன்னால், வாசலை ஒட்டி, ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தது. அங்கே ஒரு கண்ணாடி, மார்பு உயரத்தில், பிடிப்பார் இல்லாமல் நின்றது.

ஹெகாஸி சிலையோடு சூடானுக்கு ஓடிவிட்டான், பஸ்தாவியும் அவன் பின்னாலேயே போய்விட்டான் என்று ஆற்றங்கரைக் காப்பிக்கடைகளில் பேசுகிறார்கள். அது பொய். அந்தக் கோயிலில் ஒரு கல்கூடக் குறையவில்லை. ஹெகாஸி எங்கும் போகவில்லை. சிற்றறையில், வாசலிலிருந்து இரண்டாவது ஆளாக நிற்கிறான்.